கல்லு வீடு யாரோடது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல பழைய வீடு, பழைய நிலம், தாத்தா சொத்து பத்திதான். பினாங்குல லாயர் ஆபீஸ்ல நிலப் பத்திர வேலையே பார்த்து ரிட்டயர் ஆனவங்கிறதால எனக்கும் இது ரொம்ப பிடிச்ச விஷயம், அதனால இந்த தடவ எல்லாமே வீட்டுக் கேள்விதான்.

கேள்வி: அக்கா வணக்கம். பாலிக் பூலாவ்ல எங்க தாத்தா வாங்கின டுரியான் தோட்டம் ஒண்ணு இருக்கு. உள்ள ஒரு பழைய வீடு, கீழ கருங்கல்லும் செங்கல்லும் வச்சு கட்டி மேல பலகை அடிச்சது. அப்பா இது லைட் துரை காலத்து வீடு, இருநூறு வருஷம் ஆச்சுங்கிறாரு. பெரியப்பா வேற மாதிரி சொல்றாரு, மொதல்ல ஒரு வெள்ளக்காரன், அப்புறம் ஒரு சீன தவுக்கே (பெரிய முதலாளி), அப்புறம் ஒரு செட்டியார், ஜப்பான்காரன் போன பிறகு அவருகிட்டருந்து தாத்தா வாங்கினாராம். கெரான் (நிலப் பட்டா) பெரியப்பாகிட்ட இருக்கு, அதுல தாத்தா பேர் மட்டும்தான் இருக்கு. மத்தவங்க பேரெல்லாம் எங்க போச்சு? – வாசகி, பாலிக் பூலாவ்

பதில்: தங்கச்சி, உங்க அப்பா சொல்றதும் பெரியப்பா சொல்றதும் ஒண்ணுக்கொண்ணு முட்டுற மாதிரி தெரியும், ஆனா ரெண்டு பேரும் ரெண்டு வேற விஷயத்தப் பேசுறாங்க. ஒருத்தர் வீட்டப் பத்தி பேசுறாரு, இன்னொருத்தர் நிலத்தப் பத்தி பேசுறாரு. நிலத்துக்கு ஒரு கதை, அதுமேல நிக்கிற வீட்டுக்கு ஒரு கதை. இத மட்டும் மனசுல வச்சுக்கிட்டா பாதி குழப்பம் தீர்ந்துடும்.

லைட் துரை, அதான் பினாங்குல இங்கிலீஷ்காரன் ஆட்சிய ஆரம்பிச்சு வச்ச பிரான்சிஸ் லைட், இங்க கொடி ஏத்தினது 1786 ஆகஸ்ட் 11, அவரு செத்தது 1794. இந்தத் தீவுல அவருக்குக் கிடைச்சதே எட்டு வருஷம்தான், அதுக்குள்ள மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாலிக் பூலாவ்ல கல்லு வீடு எழும்பியிருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நிலம் அந்தக் காலத்துலருந்து இருக்கும், அது சரி. வீட்டோட வயச வீட்டத்தான் கேக்கணும், அதுக்கு பின்னால வரேன்.

இப்ப பேருங்க எங்க போச்சுங்கிற கேள்வி. பினாங்குலயும் மலாக்காவுலயும் மத்த மாநிலம் மாதிரி இல்ல, இங்க ரொம்ப காலம் இங்கிலீஷ்காரன் முறைதான், நிலத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற ஒரே ஒரு கெரான்னு கிடையாது, ஒவ்வொரு தடவ கை மாறும்போதும் லாயர் ஒரு பத்திரம் எழுதுவாரு, அத பத்திரப் பதிவுல சேர்ப்பாங்க, அந்தப் பத்திரங்களோட சங்கிலிதான் உரிமைக்கு சாட்சி. வாங்குறவர் புதுப் பத்திரம் மட்டும் வாங்க மாட்டாரு, அதுக்கு முன்னால உள்ள எல்லாப் பத்திரத்தையும் கட்டா கட்டி வாங்கிக்குவாரு, ஏன்னா அது இல்லன்னா அவரால தனக்கு சொந்தம்னு நிரூபிக்க முடியாது. 1966 ஜனவரி 1-ஆம் தேதி தேசிய நிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தப்போ இங்கயும் மத்த மாநிலம் மாதிரி பதிவேட்டு முறைக்கு மாத்தினாங்க, அப்ப இருந்த சொந்தக்காரர் பேர்ல புது கெரான் வந்துச்சு. உங்க தாத்தா பேர் மட்டும் இருக்கிறதுக்கு அதுதான் காரணம். செட்டியாரும் தவுக்கேயும் காணாம போகல, அவங்க அந்தப் பழைய கட்டுக்குள்ள இருக்காங்க.

அதனால மொத வேலை, பெரியப்பா பீரோவத் திறந்து பாக்கச் சொல்லுங்க. கெரான் கவருக்கு பின்னாலயோ அடியிலயோ பழுப்பு நிறத்துல ஒரு மடிச்ச கட்டு இருக்கும், சிவப்பு இல்லன்னா பச்சை நாடா போட்டு கட்டியிருப்பாங்க. எத்தனையோ குடும்பத்துல அத "செல்லாத பேப்பர்"னு நினைச்சு தூக்கிப் போட்டுட்டாங்க. எங்க அப்பா தன்னோட வீட்டுக் கட்ட ஒரு லாயர் ஆபீஸ்ல பத்திரமா இருக்கட்டும்னு கொடுத்து வச்சாரு, அவங்க இடம் மாறும்போது பழைய குப்பைன்னு எல்லாத்தையும் லோரியில ஏத்தி விட்டுட்டாங்க, அதுல எங்க ஆயாவோட கையெழுத்து இருந்துச்சு, எங்க குடும்பத்துல அவங்க எழுதின எழுத்துன்னு வேற எதுவுமே இல்ல. இன்னைக்கும் நெனச்சா வயிறு எரியுது. அதான் சொல்றேன், கட்டு கிடைச்சா லாமினேட் பண்ணாதீங்க, ஸ்டேப்பிள் அடிக்காதீங்க, ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுத்துட்டு அப்படியே காத்தாடுற இடத்துல வைங்க.

அந்தப் பத்திரத்த எப்படிப் படிக்கிறதுன்னு சொல்றேன். பெரிய தாள், கெட்டியா இருக்கும், கிராணிமாரு (கிளார்க்குங்க) சாய்வா எழுதின இங்கிலீஷ் எழுத்து, கீழ அரக்கு முத்திரை. மேல தேதியும் இப்ப விக்கிறவர் வாங்குறவர் பேரும் வரும், அதுக்கு அடுத்தாப்ல "இன்ன வருஷம் இன்னார் இன்னாருக்கு வித்ததால" "அவர் செத்துப்போய் உயில் எழுதி வச்சதால"ன்னு நீளமா ஒரு கதை போகும் பாருங்க, எல்லாரும் சலிச்சுப் போய் தாண்டிப் போற பகுதி அது, ஆனா நமக்கு அதுதான் தங்கம். ஒரே பத்திரத்துல அதுக்கு முன்னால நடந்த மூணு நாலு கைமாற்றம் வரிசையா கிடைக்கும். கடைசியில எல்லை விவரம் வரும், வடக்க இன்னார் நிலம், கிழக்க ஆறு, அப்படி. அந்த எல்லைக்காரங்க பேரு, உங்க பக்கத்துத் தோட்டத்து வரலாறுக்கும் சாவி. நிலம்னு மட்டும் இருந்த விவரத்துல "அதன் மேலுள்ள வீடும்"னு எந்தப் பத்திரத்துல மொத தடவ சேருதோ, அதுக்கு முந்தின பத்திரத்துக்கும் அதுக்கும் நடுவுல வீடு கட்டியிருக்க வாய்ப்பு அதிகம்.

செட்டியார் பேர் வந்தா கவனிச்சுப் படிங்க. அவரு பேருக்கு முன்னால ரெண்டு மூணு எழுத்து விலாசம் இருக்கும், அது அவரு கடையோட அடையாளம், கையெழுத்து போட்டவர் பெரும்பாலும் ஊர்ல இருக்கிற முதலாளிக்காக பவர் வாங்கி வந்த ஏஜெண்டு. அவரு நேரடியா விலைக்கு வாங்கினாரா, இல்ல அதுக்கு முன்னால ஒரு அடமானப் பத்திரம் இருக்கான்னு பாருங்க. 1930கள்ல உலகம் முழுக்க வியாபாரம் படுத்து ரப்பர் விலை விழுந்தப்போ, கடன் வாங்கின தவுக்கேமாரும் தோட்டக்காரங்களும் கட்ட முடியாம நிலம் செட்டியார்மார் கைக்கு வந்துச்சு, அவங்க தொழில் வட்டிக்கு கொடுக்கிறதுதான், விவசாயம் இல்ல. உங்க பெரியப்பா சொல்ற வரிசை அதோட நல்லாவே பொருந்துது. இங்கிலீஷ்ல ஏழு பக்கம் போய் கடைசியில தமிழ்ல ஒரு கையெழுத்து, மையி கொஞ்சம் பரவி, "ன"வோட சுழி மட்டும் பெருசா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அப்படி ஒண்ண மொத தடவ பார்த்தப்போ மதியம் சாப்பிடக்கூட போகாம அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

வெள்ளக்காரர் ஏன் வித்தாருங்கிறதுக்கும் இந்தத் தீவோட பயிர்ல பதில் இருக்கும். பினாங்குல மொத மிளகு, அது விலை விழுந்ததும் ஜாதிக்காயும் கிராம்பும். 1840கள், 50கள்ல ஜாதிக்காய்ல எல்லாரும் பணம் பார்த்தாங்க, 1860 வாக்குல ஒரு நோய் வந்து மரமெல்லாம் பட்டுப் போச்சு, நிறைய துரைமாரு வந்த விலைக்கு வித்துட்டுப் போனாங்க. உங்க பத்திரத்துல அந்தக் காலத்துல ஒரு விற்பனை இருந்தா ஆச்சரியப்பட மாட்டேன்.

கட்டு இல்லன்னா? கெரான்ல மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. முக்கிம்னா மாவட்டத்துக்குள்ள இருக்கிற ஒரு நிலப் பிரிவு. "கெரான் முக்கிம்"னு இருந்தா அது மாவட்ட நில அலுவலகப் பதிவு, உங்களுக்கு பாலிக் பூலாவ்லயே இருக்கு. வெறும் "கெரான்"னு இருந்தா மாநிலப் பதிவு, ஜார்ஜ்டவுன்ல அரசாங்க ஆபீஸ் இருக்கிற கொம்தார் கட்டடத்துல போய் கேக்கணும். லாட் நம்பரும் முக்கிம் நம்பரும் எழுதிட்டுப் போங்க, நம்ம தீவுல முக்கிம பெரும்பாலும் நம்பராலயோ எழுத்தாலயோதான் சொல்லுவாங்க, தப்பா சொன்னா வேற யாரோட நிலமோ வரும். சாரியான் (பதிவேட்டுத் தேடல்) போட்டா இப்ப உள்ள சொந்தக்காரரும் அடமானமும் தெரியும், பழைய கைமாற்றம் வேணும்னா சரித்திர சாரியான்னு தனியா கேளுங்க. அதோட தாத்தா பேர்லயே கெரான் இன்னும் இருக்கிறது நல்லதில்ல, அவரு பிள்ளைங்க எல்லாரும் உயிரோட இருக்கும்போதே பேர் மாத்துற வேலைய ஆரம்பிங்க, அடுத்த தலைமுறைக்குப் போச்சுன்னா கையெழுத்து வாங்க முப்பது பேர தேடணும்.

இப்ப வீட்டுக்கு வரேன். உங்க தீவே கருங்கல் பாறைதான், தோட்டத்துலயே கிடக்கிற பாறையை உடைச்சு கீழ்த்தளத்துக்கு வச்சிருப்பாங்க, அதனால கல்ல வச்சு வயசு சொல்ல முடியாது. கல்லுக்கு நடுவுல இருக்கிற சாந்தைப் பாருங்க. நகத்தால சுரண்டினா வெள்ளையா பொடியா உதிர்ந்து, அதுல கிளிஞ்சல் துணுக்கு மின்னினா அது சுண்ணாம்பு, பழசா இருக்க வாய்ப்புண்டு. சாம்பல் நிறத்துல கல்லு மாதிரி இறுகியிருந்தா சிமெண்டு, அப்ப பின்னால கட்டினது, இல்லன்னா பின்னால ரிப்பேர் பண்ணினது. கூரை ஓட்டுல ஒண்ண இறக்கி அடிப்பக்கம் திருப்பிப் பாருங்க. ஃபேக்டரி ஓடா இருந்தா கம்பெனி பேர் அச்சா இருக்கும், மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க 1865-ல ஓட்டு ஃபேக்டரி ஆரம்பிச்சு கப்பல்ல வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பினாங்க, அப்படி முத்திரை இருந்தா அந்தக் கூரை அதுக்கு முந்தினது இல்லன்னு தெரிஞ்சுடும். கூரை மட்டும்தான், சுவர் அதவிட பழசா இருக்கலாம், ஓடு மாத்துறது எல்லாக் காலத்துலயும் நடந்ததுதான்.

இன்னொண்ணு கேக்கிறேன் தங்கச்சி, தாத்தா வாங்குறதுக்கு முன்னால அந்த வீட்டுல யார் குடியிருந்தது? தவுக்கேயும் செட்டியாரும் டவுன்லதான் இருந்திருப்பாங்க. ராத்திரி டுரியான் விழுறதுக்கு காவல் இருந்தவங்க, ஜாதிக்காய் பொறுக்கிக் காயவச்சவங்க, பின்னால அடுப்பு மூட்டினவங்க, அவங்க பேர் எந்தப் பத்திரத்துலயும் வராது. பெரியப்பாவ உக்கார வச்சு போன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு அதக் கேளுங்க. "அந்த வீட்டுல அடுப்பு எங்க இருந்துச்சு, தண்ணி எங்கருந்து எடுத்தாங்க, யாரு எடுத்துட்டு வந்தா"ன்னு கேட்டா பேர் தானா வரும். "வரலாறு சொல்லுங்க"ன்னு கேட்டா ஒண்ணும் வராது.

கேள்வி: அக்கா, நான் ஆயர் ஈத்தாம் மெதடிஸ்ட் ஸ்கூல்ல படிச்சவன். பக்கத்துல இருக்கிற சஃபோக் ஹவுஸ நாங்க "லைட் வீடு"ன்னுதான் சொல்லுவோம். உண்மையிலயே அவரு கட்டினதா? – வாசகர், ஃபார்லிம்

பதில்: தம்பி, மேல உள்ள கேள்விக்கு உங்க கேள்விதான் நல்ல உதாரணம். நிலம் லைட்டோடது, வீடு அவரோடது இல்ல.

அவரு இங்கிலாந்துல சஃபோக்ல பிறந்தவரு, அந்த நெனப்புலதான் ஆத்தங்கரையில இருந்த தன்னோட மிளகுத் தோட்டத்துக்கு அந்தப் பேர் வச்சாரு. அங்க அவரு இருந்த வீடு மரத்தால கட்டினது. சாகும்போது உயில்ல அந்தத் தோட்டத்த மார்ட்டினா ரோசெல்ஸுங்கிற அம்மாவுக்கு எழுதினாரு, அவரோட குடும்பம் நடத்தி பிள்ளைங்களப் பெத்தவங்க, ஆனா சர்ச்சுல முறையா கல்யாணம் நடந்ததா பதிவு இல்ல. அந்தச் சொத்து அந்த அம்மா கையில நிலைக்கல. அவங்க மகன் வில்லியம் லைட்தான் பின்னால ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு நகரத்த அளந்து அமைச்சவரு, அவருக்கு அங்க சிலை இருக்கு. பெத்த அம்மாவுக்குத் தன்னோட தோட்டம்கூட மிஞ்சல. எனக்கு இதப் படிக்கும்போதெல்லாம் நம்ம பெண்கள் எத்தனை பேர் கெரான்ல பேர் இல்லாம அதே வீட்டுலயே கெடந்து செத்தாங்கன்னுதான் தோணும்.

இப்ப நீங்க பாக்கிற ரெண்டு மாடி செங்கல் வீட்ட கட்டினது வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, 1820லருந்து 1824 வரைக்கும் பினாங்கு கவர்னரா இருந்தவரு. அந்த வீடு கவர்னர் மாளிகையாவே இருந்துச்சு. அப்புறம் பல கை மாறி லிம் செங் தெய்க்னு ஒரு பெரிய சீன வியாபாரிகிட்ட வந்துச்சு, அவரு 1928-ல 40,000 வெள்ளிக்கு மெதடிஸ்ட் சர்ச்சுக்கு வித்தாரு, அப்படித்தான் உங்க ஸ்கூல் அங்க வந்தது. யோசிச்சுப் பாருங்க, மிளகுக்காரர், கவர்னர், தவுக்கே, பாதிரியார், அப்புறம் ஸ்கூல் பிள்ளைங்க. பின்னால பழுதாகி, உள்ள போறது ஆபத்துன்னு மூடி, கூரை விழுந்து சுவத்துல மரம் முளைச்சு நின்ன காலத்த நான் பாத்திருக்கேன். 2000 வாக்குல மாநில அரசு எடுத்து சீர்படுத்த ஆரம்பிச்சு 2007-ல வேலை முடிஞ்சுச்சு, மறு வருஷமே யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைச்சுச்சு. உங்க செட்டு பசங்களக் கூட்டிட்டு ஒரு நாள் போய்ட்டு வாங்க, ஆனா பிள்ளைங்ககிட்ட லைட் கட்டினதுன்னு சொல்லாதீங்க.

கேள்வி: ஜார்ஜ்டவுன்ல ஒரு கடைவீட்டு மாடியில எங்க குடும்பம் அறுபது வருஷத்துக்கு மேல வாடகைக்கு இருந்துச்சு. 2000-த்துல வாடகைய ஏத்தி எங்களைக் கிளப்பிட்டாங்க. அவ்வளவு காலம் இருந்ததுக்கு எங்களுக்கு உரிமை எதுவும் இல்லையா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அண்ணே, உங்க வலி புரியுது, அந்த வருஷம் ஜார்ஜ்டவுன்ல எத்தனையோ குடும்பத்துக்கு அதே கதிதான், எங்க தெருவுலயே மூணு வீடு. 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948 ஜனவரி 31-க்குள்ள கட்டின வீடுங்களுக்கு இருந்துச்சு, வாடகைய ஏத்த முடியாது, லேசுல வெளியேத்தவும் முடியாது. 1997-ல அத ரத்து பண்ணி 1999 கடைசி வரைக்கும் தவணை கொடுத்தாங்க. 2000 பிறந்ததும் பாதுகாப்பு போச்சு. எத்தனை வருஷம் குடியிருந்தாலும் அதனால மட்டும் நிலம் சொந்தமாகாது, நம்ம நிலச் சட்டத்துல 341-ஆவது பிரிவு அத நேராவே சொல்லுது. மனசு கஷ்டப்படும்னு தெரிஞ்சும் சொல்றேன், ஏன்னா "நான் வாங்கித் தரேன்"னு காசு கேக்கிறவங்ககிட்ட நீங்க மாட்டக் கூடாது. ஆனா உங்ககிட்ட பழைய வாடகை ரசீது இருந்தா தூக்கிப் போடாதீங்க. அந்த வீட்டு மாடியில ஒரு தமிழ்க் குடும்பம் இருந்துச்சுங்கிறதுக்கு அந்த ரசீதுதான் சாட்சி, கெரான்ல அது வராது.

கேள்வி: அக்கா, அப்பா வாங்கின பழைய செங்கல் வீட்டுக்குப் போன வருஷம்தான் நல்லா சிமெண்டு பூசி பெயிண்ட் அடிச்சோம். இப்ப கீழ ரெண்டு அடிக்கு பெயிண்ட் உப்பி உப்பி உதிருது. மேஸ்திரி இன்னும் கனமா பூசணும்ங்கிறாரு. – வாசகி, தஞ்சோங் பூங்கா

பதில்: வேணாம் மா, தயவு செஞ்சு வேணாம். பழைய செங்கல் சுவர் தரையிலருந்து ஈரத்த இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்த வெளிய விடும், அதனாலதான் சுவர் நூறு வருஷம் நின்னுச்சு. சிமெண்டு பூசினா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு உப்பா வெளிய வெடிக்கும், கனமா பூசினா செங்கல்லே அரிச்சு மண்ணாகும்.

நம்ம ஆளுங்களுக்கு சுண்ணாம்பு புதுசு இல்ல. அந்தக் காலத்துல இந்தியாவுலருந்து கைதியா கொண்டுவரப்பட்டவங்க இந்தக் கரையோர ஊருங்கள்ல ரோடும் கட்டடமும் கட்டினாங்க, சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கத்தீட்ரல்ல அவங்க பூசின பூச்சுக்கு கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் மூணையும் இடிச்சு, தேங்காய் மட்டை ஊறின தண்ணியில குழைச்சு, காய்ஞ்சதும் உருண்டைக் கல்லால தேய்ச்சு தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்கினாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. உங்களுக்கு அவ்வளவு வேணாம். கீழ மூணு அடிக்கு சிமெண்ட மெதுவா கொத்தி எடுத்துட்டு, சுவத்த அப்படியே திறந்து விடுங்க, பினாங்குல ஜனவரி பிப்ரவரியிலதான் மழை குறைச்சல், அப்ப செய்ங்க. உப்பு வெள்ளையா பூத்தா காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி விடணும், தண்ணி ஊத்திக் கழுவினா திரும்ப உள்ளதான் போகும். நல்லா காய்ஞ்ச பிறகு, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச மேஸ்திரியா பாத்துக் கூப்பிடுங்க, பூசுறதுக்கு முன்னால மட்டும் செங்கல்லுல கொஞ்சம் தண்ணி தெளிச்சுக்கச் சொல்லுங்க, இல்லன்னா செங்கல் சாந்துல இருக்கிற தண்ணிய இழுத்துக்கிட்டு பூச்சு பிடிக்காது.